மாட்டுங்காவில் கொட்டிய இட்லி

கோகிலவாணியின் கல்யாணத்தை நிறுத்தியவன் நான்தான். மொட்டைக் கடுதாசி எழுதி நிறுத்துகிற அளவுக்கு எனக்குச் சாமர்த்தியம் கிடையாது. எழுபது பேரை வயிறு வலிக்கச் சிரிக்கவைத்து நிறுத்தினேன்.

வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தாராவியில் எங்கள் சந்துக்குப் பின்னால் இருக்கும் சங்கத்து ஹாலில் நிச்சயதார்த்தம். மேலே நாலு ஃபேன். மூன்று சுற்றின, நாலாவது சத்தம் மட்டும் போட்டது. மாப்பிள்ளை வெங்கடேஷ் கோபர்கைரனேக்காரன், ஒரு குடோனில் சூப்பர்வைசர், அதிர்ந்து பேசாத பையன். பெண் கோகிலவாணிக்கு இருபத்தைந்து வயது. செம்பூரில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். அவள் அப்பா பிரம்மநாயகம் அண்ணாச்சிக்கு இட்லி வியாபாரம். விடிந்தும் விடியாமலும் சைக்கிளின் பின்னால் அலுமினியச் சட்டியையும், ஒரு பக்கம் சாம்பார் வாளியையும், மறுபக்கம் சட்னித் தூக்கையும் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி மாட்டுங்காவுக்குப் போவார். இருபத்தெட்டு வருஷமாக அந்த ஹாரன் சத்தத்தில்தான் எங்கள் சந்து எழுந்து பல் தேய்க்கும்.

நான் சுரேந்திரன். பக்கத்துக் கோலி, ஒற்றை அறை வீட்டுக்கு இங்கே அதுதான் பெயர். தோல்பை தைக்கிற காரகானாவில் ஜிப் வைப்பது என் வேலை. ஊருக்கெல்லாம் ஜிப் வைக்கிறவன் வாய்க்கு ஒரு ஜிப் இல்லையே என்று என் வீட்டுக்காரி இருபது வருஷமாகச் சொல்லிவருகிறாள்.

எங்கள் சந்தில் ஒரு பழக்கம் உண்டு. தட்டு மாற்றி, சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டு சுற்றி வரும்போது இரண்டு வீட்டிலிருந்தும் வாய் உள்ள ஆள் ஒருத்தன் எழுந்து, தன் பக்கத்துப் பெரிய மனுஷனைக் கேலி செய்து கதை சொல்ல வேண்டும். எந்த வீடு தன்னைப் பார்த்து அதிகம் சிரிக்கவிடுகிறதோ அந்த வீட்டில் ஒளிவுமறைவு இல்லை என்று கணக்கு. எங்கள் பக்கத்துக்கு எப்போதும் நான்தான்.

அன்றைக்கு மாப்பிள்ளையின் தாய்மாமன் முந்திக்கொண்டார். மாப்பிள்ளையின் அப்பா புதிதாகப் பம்பாய் வந்தபோது, வாஷியில் இறங்குவதற்குப் பதிலாகத் தூங்கிப்போய்ப் பன்வேல் போய், பன்வேலிலிருந்து திரும்பி வருகிறபோதும் தூங்கி மறுபடி ஏறின ஸ்டேஷனுக்கே வந்து சேர்ந்த கதை. ஹால் குலுங்கியது. நான் என் பழைய கதைகள் இரண்டை எடுத்துவிட்டேன். எங்கள் ஆட்களே மரியாதைக்குச் சிரித்தார்கள். தோற்கப்போகிறேன் என்று தெரிந்தது. அப்போதுதான், சொல்லாதேயும் என்று அண்ணாச்சி என்னிடம் சத்தியம் வாங்கியிருந்த கதையை எடுத்தேன். இரண்டு மாதம் காப்பாற்றியிருந்தேன். என் கணக்கில் அது ஒரு சாதனை.

"இந்தா உக்காந்திருக்காவளே எங்க அண்ணாச்சி," என்று ஆரம்பித்தேன். "பங்குனி மாசம் ஒருநா, நான் தோலு எடுக்கப் போனவன் மாட்டுங்கா மார்க்கெட்டு முக்குல நிக்கேன். அண்ணாச்சி சைக்கிள்ல வாராவ. ராஜா மாதிரி வாராவ. திடீர்னு என்ன நெனச்சாவளோ, நடுரோட்டுல படுத்துட்டாவ. சைக்கிளும் படுத்துட்டு. இட்லி இருக்கே, அது ஒண்ணொண்ணும் தனித்தனியா உருண்டு போவுது, எல்லாத்துக்கும் ஆபீசுக்கு லேட்டாயிட்ட மாதிரி. சாம்பாரு ஒரு ஐயரு வேட்டில. ஆனா அண்ணாச்சி கை மட்டும் ஹாரன விடல பாருங்க."

இந்த இடத்தில் நான் சும்மா சொல்லவில்லை. ஜமுக்காளத்தில் படுத்தே காட்டினேன். கழுத்து இடப்பக்கம் திரும்பி, கண் மேலே செருகி, வாய் ஒரு பக்கமாகக் கோணி, இடது கையை மூடி, வலது கையால் இல்லாத ஹாரனைப் பிடித்து, "பாம். பாம். பாம். பாம்பாம்பாம்பாம்."

ஹால் வெடித்தது. அதோடு விட்டேனா. "சத்தம் கேட்டு ரெண்டாவது மாடில இருந்து ஒரு மாமி எட்டிப் பாக்கா. இட்லிக்காரரே, ஹாரன் கேட்டுது, ஏன் இவ்வளவு அவசரம், கூடை எறக்கறேன் இருங்கோங்கா."

மாப்பிள்ளையின் தாய்மாமனே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாலையோடு இருந்த கோகிலவாணி குனிந்து தோள் குலுங்கினாள். அண்ணாச்சியும் சிரித்தார், சட்டைப் பொத்தான் ஒன்றைத் திருகிக்கொண்டே. சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அண்ணாச்சியின் சம்சாரம் மீனாட்சியம்மாள் மதினி. வெற்றிலைத் தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றாள். இன்னொருத்தி மாப்பிள்ளையின் அத்தை கலைச்செல்வி. இருபது வருஷமாக ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ்.

அந்தம்மாவுக்குக் கதை புரியவில்லை என்று நினைத்தேன். அவர்களுக்காக இன்னொரு தடவை படுத்து ஹாரன் அடித்தேன்.

"எவ்வளவு நேரம் அடிச்சுது?" என்று கேட்டார்கள்.

"ஒரு நிமிசம் இருக்கும். ரெண்டும் இருக்கலாம். ஓசி ஹாரன்தான, அடிக்கட்டும்னு நின்னேன்."

"நாக்கக் கடிச்சிருந்தாரா?"

"ஆமா. வெத்தல போட்ட மாதிரி வாயி செவப்பா இருந்துச்சு."

"எந்திரிச்சதும் ஒங்கள அடையாளம் தெரிஞ்சுதா?"

"எம்மூஞ்சிய நல்லா உத்துப் பாத்து, நீரு யாருன்னு கேட்டாவ. சம்பந்தி வீட்டுக்காரங்க நல்லா கேட்டுக்கிடுங்க, நாளைக்கு ஒங்களையும் கேப்பாவ."

மறுபடி சிரிப்பு. கலைச்செல்வியம்மா கையில் மடித்துவைத்திருந்த வெற்றிலையைப் பிரித்து, திரும்பத் தட்டில் வைத்தார்கள். அதை நான் பார்த்தேன். பார்த்ததை என்றைக்கு நான் யோசித்திருக்கிறேன்.

*

புதன்கிழமை மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. ஜாதகத்தை இன்னொரு இடத்தில் காட்டினோம், சரியாக வரவில்லை என்றார்கள். வெள்ளிக்கிழமை ஆட்டோவில் தட்டுச் சாமான்கள் திரும்பி வந்தன. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு வைத்துக்கொடுத்த சேலை, தேங்காய், கண்ணாடி வளையல், எல்லாம் போன மாதிரியே. பழம் மட்டும் இல்லை. வெயிலில் அழுகியிருக்கும்.

நான் போனபோது அண்ணாச்சி வீட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் எந்த இழவு விழுந்தாலும் பகல் மூன்று மணிக்கு உளுந்து ஊறியாக வேண்டும், ஐந்து மணிக்கு கிரைண்டர் ஓடியாக வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு கோலி. பாதியைக் கிரைண்டரும் இட்லிக் கொப்பரையும் பிடித்துக்கொண்டன. மீதியில் மூன்று பேர் காலத்தைக் கழித்திருக்கிறார்கள். மதினி வாசலில் உட்கார்ந்து இட்லித் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

எங்கள் கூட்டத்தில் ஒரு கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டோம். சாப்பிட்டீரா என்று கேட்டால், ஏன் நீர் வடிச்சு வச்சிருக்கீரா என்போம். இந்தக் கெட்ட பழக்கத்தைச் சந்து முழுக்கப் பரப்பியதில் எனக்குப் பெரிய பங்கு உண்டு. அது என் மேலேயே திரும்பும் என்று எதிர்பார்க்கவில்லை.

"மதினி, எம்மேல கோவமா இருக்கியளா?"

அவள் துணியைப் பிழிந்து உதறினாள். என் முகத்தில் தெறித்தது.

"நாளைக்கு ஒங்க வீட்டுக்கு எத்தன இட்லி வேணும் தம்பி?"

"மதினி, நான் கேட்டது..."

"பத்தா, பதினஞ்சா?"

"பத்து," என்றேன்.

அண்ணாச்சி தேங்காயைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு பேசினார். "பன்னெண்டு வயசுல வந்தது வே. ஊர்ல கொளத்துக்குள்ள விழுந்து, ஆடு மேச்சவன் தூக்கிப் போட்டான். ஏழு வருசம் மாத்திர. பொறவு நின்னுட்டு. நின்ன பொறவுதான் கலியாணம். இவளுக்கே ரெண்டு வருசம் கழிச்சுத்தான் சொன்னேன்."

"இப்ப எப்ப திரும்ப வந்துச்சு?"

"போன தீவாளிலருந்து. மாசம் ஒண்ணு. சில மாசம் ரெண்டு."

"மாத்திர திங்க வேண்டியதான அண்ணாச்சி?"

"ஆஸ்பத்திரிக்குப் போனா கார்டு போடுவான். கார்டு வீட்ல கெடக்கும். நம்ம வீட்டுக்குள்ள எத எங்கன ஒளிக்க? வாறவ போறவ எடுத்து வாசிப்பா. புள்ள கலியாணம் முடியட்டும்னு இருந்தோம். ஆவணில கலியாணம். தீவாளிலருந்து பத்து மாசம். தள்ளிரலாம்னு நெனச்சோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? வலிப்புன்னு தெரிஞ்சா நான் வாயத் தெறப்பனா?"

அவர் துருவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஒம்மகிட்டயா?"

மதினியும் பார்த்தாள். ஒரு நொடி மூன்று பேரும் சிரித்துவிடுவோம் போல இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப, நான் அந்தக் கதையச் சொல்லலேன்னா இது நடந்திருக்குமா அண்ணாச்சி?"

"மழ வாறதுக்குள்ள மேல தார்ப்பாய் மாத்தணும் வே," என்றார். "ஒம்ம காரகானால பழசு கெடக்கா?"

உள்ளே, பரண் ஏணிக்குக் கீழே, கோகிலவாணி மருந்துக்கடைச் சட்டையிலேயே உட்கார்ந்து திரும்பி வந்த சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் போன் கட்டிலில் கிடந்து இரண்டு தடவை வெளிச்சம் போட்டு அணைந்தது. வெங்கடேஷாக இருக்கும். அடுத்த பதினைந்து நாளும் அந்தப் பையன் கூப்பிட்டான் என்றும், பிறகு அவன் அம்மா அவன் போனை வாங்கி வைத்துக்கொண்டாள் என்றும் கேள்விப்பட்டேன். முப்பது வயதுப் பையனின் போனை அம்மா வாங்கி வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்காதீர்கள். முடிகிறது.

*

வாயால் கெடுத்ததை வாயாலேயே சரிசெய்துவிடலாம் என்று தோன்றியது. அடுத்த ஞாயிறு குர்லாவில் மாறி, வாஷியில் மாறி, கோபர்கைரனே போனேன். மான்குர்த் தாண்டிக் கடல் பாலத்தில் வண்டி போகும்போது பொய்யை ஒத்திகை பார்த்தேன். எதிர் சீட்டுக்காரன் எழுந்து வேறு இடம் போனான்.

வாசலில் கலைச்செல்வியம்மாதான் நின்றார்கள். அண்ணன் வீட்டோடுதான் இருக்கிறார்கள். மற்றவர்கள் யாரோ உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு ஆரம்பித்தேன்.

"நான் சொன்னது அத்தனையும் பொய்யிம்மா. எங்க சந்துல யாரக் கேட்டாலும் சொல்லுவாவ, சுரேந்திரன் வாயில ஒரு நேர்வார்த்த வராதுன்னு. அண்ணாச்சி வாழப்பழத் தோல்ல வழுக்கி விழுந்தாவ. அவ்வளவுதான். மத்ததெல்லாம் நான் கூட்டினது."

"நாக்குல ரத்தம்?"

"வெத்தல."

"நீரு யாருன்னு கேட்டது?"

"அது பழைய கதைல இருந்து எடுத்து ஒட்டுனது."

அந்தம்மா ஸ்டூலை ஓரமாக நகர்த்தினார்கள். "சரி. வாழப்பழத் தோல்ல எப்படி விழுந்தாரு, செஞ்சு காட்டுங்க."

கேட்டால் நான் செய்யாமல் இருப்பேனா. டைல்ஸ் தரையில் நாலு எட்டு நடந்து, வழுக்கி, விழுந்தேன். நன்றாகவே விழுந்தேன். இடுப்பு இன்றைக்கும் மழைக்கு வலிக்கிறது.

"இப்ப விழும்போது கைய ஊனுனீங்க," என்றார்கள். "வழுக்கி விழுறவன் கைய ஊனுவான். அன்னைக்கு நீங்க ஊனவே இல்ல. மரம் சாயுற மாதிரி சாஞ்சீங்க. இடது கைல கட்டவிரல உள்ள வச்சு மூடியிருந்தீங்க. மொதல்ல மெதுவா ஹாரன் அடிச்சு, பொறவு வேகமா அடிச்சீங்க. இருவது வருசமா வார்டுல பாக்கேன். இதக் கண்ணால பாக்காம யாராலும் செய்ய முடியாது. நீங்க ரொம்ப நல்லா கவனிச்சிருக்கீங்க."

முப்பது வருஷமாகக் கதை சொல்கிறேன். என் தொழில் நேர்த்தியை விவரம் தெரிந்த ஒருத்தர் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"இது ஒண்ணும் பெரிய வியாதி இல்லம்மா. ஒங்களுக்கே தெரியும்."

"தெரியும். எங்க மதினிக்கு, வெங்கடேஷ் அம்மாவுக்கு, தெரியாது. எடுத்துச் சொன்னேன். வியாதிய விடு, மறைச்சாவளே, இன்னும் என்னத்த மறைச்சிருக்காவளோன்னா."

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்."

"நீங்களும் இருந்திருக்கலாம்," என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு ஒரு சீட்டில் டாக்டர் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். "அவர மாத்திர சாப்பிடச் சொல்லுங்க. ஒழுங்காச் சாப்பிட்டா அடங்கிரும். அதுவரைக்கும் சைக்கிள் வேண்டாம். அடுப்புப் பக்கமே போகக் கூடாது. இத வெளையாட்டாச் சொல்லாதீங்க. புரியுதா?"

புரிந்தது. அன்று சாயங்காலமே சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதுதான் என் பிழைப்பு. சந்துக்குள் நுழையும்போதே, "அண்ணாச்சி, இன்னைலருந்து நீங்க மகாராஜாவாம். சைக்கிள் ஓட்டப்பிடாது, அடுப்புப் பக்கம் போகப்பிடாது, மதினி ஊட்டிவிட நீங்க திங்கணுமாம், நர்ஸம்மா உத்தரவு," என்றேன். நேராகச் சொல்ல நாக்கு வரவில்லை. எதிர்க்கோலி ராபியா அக்கா கூடச் சிரித்தாள். அண்ணாச்சியும் சிரித்து, "சரிதாம் வே. அப்ப ஏறிப் போக யானை ஒண்ணுக்குச் சொல்லிரும்," என்றார். சீட்டை வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். மறுநாள் காலையில் ஹாரன் சத்தம் கேட்டு எல்லாரும் பல் தேய்த்தோம்.

*

ஆடி மாதம் அடைமழை. மூன்று நாளாகச் சந்தில் முழங்கால் தண்ணீர். மாவு புளிக்க மாட்டேன் என்றது. நாலாம் நாள் காலையில் அண்ணாச்சி கொப்பரை மூடியைத் திறக்கும்போது வலிப்பு வந்துவிட்டது. முன்பக்கமாகச் சாய்ந்தார். மதினி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததால் முகம் தப்பியது. வலது கை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, கொதிதண்ணீரில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். கார்டு போட்டார்கள். கார்டு இப்போது வீட்டில் டிவிக்கு மேலே எல்லாருக்கும் தெரிகிற மாதிரிதான் கிடக்கிறது. ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை. மாத்திரை சாப்பிடுகிறார். தூங்கித் தூங்கி விழுகிறார். சின்ன வெங்காயம் உரித்துக்கொடுப்பார், இடது கையால். பேச்சு குறைந்துவிட்டது. நான் ஏதாவது சொல்லிப் பார்ப்பேன். "ம்" என்பார். ஒருநாள் பன்வேல் கதையைக்கூட, எதிரி வீட்டுக் கதையென்றாலும் பரவாயில்லை என்று, சொல்லிப் பார்த்தேன். பாதியில் தூங்கிவிட்டார்.

இருபத்தெட்டு வருஷத்து வாடிக்கையை விட்டால் வேறு ஆள் புகுந்துவிடுவான். அதனால் கோகிலவாணி சைக்கிளை எடுத்தாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது, தள்ளத் தெரியும். மாட்டுங்காவில் விற்றுவிட்டு, ஒன்பது மணிக்குத் திரும்பி, குளித்து, பத்தரைக்குச் செம்பூரில் பில் போட உட்கார வேண்டும். சயான் பாலத்தை மூடியதிலிருந்து சுற்றுவழிதான். ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. முதல் நாள் போய்ச் சட்டியைப் பிடித்தேன். வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. காரகானாவுக்கு லேட்டாகப் போய்ப் பாதிச் சம்பளம் வாங்குகிறேன். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. வீட்டுக்காரி பெருமையாக நினைக்கவும் இல்லை.

ஒரு மாதம் இப்படிப் போனது. வழியில் அவள் பேசமாட்டாள். "பள்ளம்", "பிரேக்கு", நிற்க வேண்டுமென்றால் "ருக்கோ", அவ்வளவுதான். நான் வழக்கம்போல எதையாவது ஆரம்பித்தால், "ஜானே தோ சித்தப்பா, விடுங்க," என்பாள்.

ஆவணி இரண்டாம் வெள்ளிக்கிழமை. அது என்ன நாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அந்தத் தேதி போட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி அச்சடிக்கக் கொடுத்தவனே நான்தான். மதினி அன்றைக்கும் அதே நேரத்துக்கு எழுந்து அதே முந்நூறு இட்லி ஊற்றினாள். புறப்படும்போது மகளின் தலையில் பூ வைக்கப்போய், பாதியில் நிறுத்தி, பூவைச் சாமி படத்துக்குப் போட்டாள்.

தூறல். சட்டிமேல் பிளாஸ்டிக் தாளை இழுத்துப் போர்த்தினேன். மாட்டுங்கா மார்க்கெட் முக்கு வந்ததும் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தினாள். பூக்கடைக்காரர்கள் முகூர்த்த நாள் என்று வேகவேகமாக மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்று ஹாரனை அமுக்கினாள். பாம். பாம்.

அந்தச் சத்தத்துக்கு எனக்கு இப்போதும் கழுத்து ஒரு பக்கம் இழுக்கிறது. எதிரே இரண்டாவது மாடியில் அதே மாமி எட்டிப் பார்த்தார்கள். கயிற்றில் கூடை இறங்கியது.

"அப்பாக்கு எப்படி இருக்கு, கொழந்தே?"

"பரவால்ல மாமி. எட்டு தானே?"

"எட்டு போறும். காரச் சட்னி ஜாஸ்தி வை."

அவள் இலையில் இட்லிகளை அடுக்கினாள். நான் தூக்கைத் திறந்து பிடித்தேன். கேட்கக் கூடாது என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"கோகிலா, ஒண்ணு கேக்கேன். எங்கள மாதிரி சுத்தி வளைக்காம சொல்லுவியா?"

"கேளுங்க."

"அன்னைக்கு நான் அந்தக் கதையச் சொல்லலேன்னா, இந்தக் கலியாணம் நடந்திருக்குமா?" அதோடு நிறுத்தத் தெரிந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன். "ஒங்கப்பாட்ட கேட்டேன், தார்ப்பாயக் கேட்டாவ. ஒங்கம்மா எத்தன இட்லிங்கா. ராபியா அக்கா, என்னைக்கு இருந்தாலும் தெரிஞ்சிருக்கும்லாங்கா. சங்கத்துக்காரங்க, இப்பிடிப்பட்ட வீட்டுக்குப் போகாம புள்ள தப்பிச்சா, நல்லதுக்குத்தான்னு சொல்லுதாவ. இதுல எது நெசம்?"

அவள் சட்னியை ஊற்றினாள். இலையை மடித்துக் கூடையில் வைத்து, கயிற்றை ஒரு தடவை இழுத்தாள். கூடை ஆடி ஆடி மேலே போனது. அது ஜன்னலுக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு முதல் தடவையாக, என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நடந்திருக்கும் சித்தப்பா," என்றாள். "இன்னைக்கு ஒம்பதேகாலுக்கு. அவரு நல்லவரு. நான் நல்லாவும் இருந்திருப்பேன்."